வெள்ளிக்கிழமை மட்டும் திறக்கும் பக்கம்

அத்தியாயம் 6

"மேடம், பக்கம் திறந்துடுச்சு."

படியேறி வந்த மூச்சு அடங்குமுன் ரஃபத் ஜஹான் இதைச் சொன்னாள். நல்ல செய்திதான். ஆனால் சொன்னவளின் முகம் இழவு வீட்டு வாசலில் நிற்பவள் முகமாக இருந்தது.

ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில், ஷூ சோல் விற்கும் கடைக்கு மேல் மாடியில் இருந்தது துப்பறியும் நித்யஸ்ரீயின் அலுவலகம். காலையிலிருந்து மாலைவரை கீழேயிருந்து பசை வாசனை ஏறி வந்துகொண்டே இருக்கும். அந்த வாசனையில் தலைவலி வராத ஒரே ஆள் சாந்தகுமார். பன்னிரண்டு வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். அதைவிட மோசமான வாசனைகளோடு பழகிய மூக்கு. இப்போது நித்யஸ்ரீக்கு உதவியாளர், டிரைவர், டீ வாங்கி வருபவர், எல்லாம் அவரே.

"அப்ப கேஸு தானா முடிஞ்சுபோச்சு," என்றார் சாந்தகுமார். "மேடம், நாம ஒண்ணுமே பண்ணாம ஜெயிச்ச மொத கேஸு. போர்டுல எழுதி வெக்கலாம்."

நித்யஸ்ரீ சிரிக்கவில்லை. பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"எப்ப திறந்துச்சு ரஃபத்?"

"காலைல தொழுதுட்டு போனைப் பார்த்தேன். பளிச்னு திறந்துச்சு. எல்லாக் குழியோட நம்பரும் வருது. பேரணாம்பட்டு பெரிய குழி சிவப்பு. நாளைக்குக் காலைல அதுலதான் பரத் இறங்கப்போறான்."

சாந்தகுமார் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

ரஃபத் மேல்விஷாரத்துக்காரி. கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவள். தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுநீர்க் குழிகளில் விஷக் காற்றை அளக்கும் சின்ன மீட்டர்களைத் தொழிலாளர் சங்கம் மாட்டியிருந்தது. மலிவான மீட்டர், அதில் திரை கிடையாது. அளந்ததை அனுப்பும், அவ்வளவுதான். அனுப்பியதை வாங்கி, பச்சை என்றும் சிவப்பு என்றும் இணையத்தில் காட்டும் பக்கத்தை ரஃபத் உருவாக்கினாள். 'குழிக்காற்று' என்று பெயர் வைத்தாள். குழிக்குள் ஆள் இறங்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அடைப்பு விழுந்தால் ஆள்தான் இறங்குகிறான். இறங்குமுன் போனில் பக்கத்தைத் திறந்து பார்ப்பான். சிவப்பென்றால் வெளியே நிற்பான். மேஸ்திரி திட்டினாலும் நிற்பான்.

இரண்டு வாரத்துக்கு முன் அந்தப் பக்கம் திடீரென்று திறக்காமல் போனது. யாரோ வேண்டுமென்றே அதை முடக்கினார்கள். அதற்கடுத்த திங்கட்கிழமை இளம்பரிதி என்பவன் குழி விளிம்பில் உட்கார்ந்து போனைத் தட்டித் தட்டிப் பார்த்தான். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "செவப்பு வரல இல்ல? எறங்குடா," என்றான் மேஸ்திரி. இளம்பரிதி இறங்கினான். ஏறவில்லை.

அவன் மனைவி மீனாம்பாள், பேரணாம்பட்டில் பீடி சுற்றுகிறவள். அவளுடைய தம்பிதான் பரத்.

"அவன் ஏம்மா எறங்கறான்?" சாந்தகுமார் கேட்டார். "மாமன் செத்த ஈரம் காயல."

"இறங்கலைன்னா வேலை இல்லண்ணா. அக்காவையும் ரெண்டு பசங்களையும் இப்ப அவன்தான் பார்க்கணும்."

"சரி, இன்னிக்குப் பக்கம் திறந்திருக்குல்ல? செவப்பைக் காட்டுங்க. நின்னுடுவான்."

"காட்டினேன். மேஸ்திரி இன்னா சொன்னான் தெரியுமா? 'இன்னிக்கு வெள்ளிக்கிழமை லீவு. தோலு சுத்தற டிரம் ஓடல, ஆளும் எறங்கல. இன்னிக்குக் காத்து இன்னிக்கோட போச்சு. நாளைக்குப் பக்கம் செவப்பு காட்டினா நிறுத்தறேன்' அப்படின்னான். நாளைக்குக் காட்டாது மேடம். அதான் என் பயமே. போன வெள்ளிக்கிழமையும் இப்படித்தான் திறந்துச்சு. சனிக்கிழமை காலைல மறுபடி செத்துப்போச்சு."

பேனா மூடி நின்றது.

"போன வெள்ளியும் திறந்துச்சா? போலீஸ்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். வெள்ளிக்கிழமை லீவு விடற தேசத்துக்காரன் வேலை, வளைகுடாவுலேர்ந்து அடிக்கறான், எழுதிக் கேட்டிருக்கோம், பதில் வர மாசக் கணக்கா ஆகும்னாங்க."

"அடிக்கறான், முடக்கறான்னு சொல்றீங்களே, பூட்டை உடைச்சு உள்ள பூந்துட்டானா?" என்று கேட்டார் சாந்தகுமார்.

"உள்ளயே வரலண்ணா. பள்ளிகொண்டா டோல்கேட்டை நெனச்சுக்கங்க. ஆயிரம் வண்டி ஒரே நேரத்துல வருது. எவனுக்கும் எங்கயும் போக வேண்டியதில்ல. கேட்டுக்காரன்கிட்ட 'வேலூர் எவ்ளோ தூரம்'னு கேட்டுட்டுத் திரும்பி வந்து வரிசைல நிக்கறான். மறுபடி கேக்கறான். பின்னாடி உங்க ஆம்புலன்ஸ் நிக்குது."

அப்படி நின்றது சாந்தகுமாருக்கு நன்றாகவே தெரியும்.

ரஃபத் மடிக்கணினியைத் திறந்தாள். பக்கத்தை நோக்கி எத்தனை கேள்விகள் பாய்ந்து வந்தன என்று காட்டும் படம் அது. கோடு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மலைபோல் எழுந்து, வாரம் முழுக்க இரவும் பகலும் அப்படியே நின்றது. இரண்டு வெள்ளிக்கிழமைகளில் மட்டும் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

"எங்கேர்ந்து வருதுன்னு தெரியாதா?"

"முகவரி எல்லாம் பொய் மேடம். ஒண்ணு பிரேசில்ங்குது, ஒண்ணு வியட்நாம்ங்குது."

நித்யஸ்ரீ படத்தைக் கண்ணுக்கு அருகில் இழுத்தாள். "சாந்தண்ணே, உங்க மச்சான் சவுதியில இருக்காருல்ல. அவருக்கு எப்ப லீவு?"

"வெள்ளியும் சனியும். ரெண்டு நாளும் போன் போட்டு உயிரை எடுப்பான். ஏன்?"

"இவங்க சனிக்கிழமை முழு மூச்சா வேலை செய்யறாங்க. ஞாயித்துக்கிழமையும்தான். வெள்ளி ஒருநாள் மட்டும் லீவு விட்டு, ஞாயிறு முழுக்க வேலை நடக்கற ஊர் எது?"

சாந்தகுமார் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். எதிரே இருந்த தோல் கம்பெனியின் பெரிய கதவு சாத்தியிருந்தது. வெள்ளிக்கிழமை. ஊர் முழுக்க முதலாளிமார் ஜும்ஆ தொழுகைக்காக விடும் வார விடுமுறை. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது மூச்சு விடுவதுபோலப் பழகிய விஷயம். பழகிப்போனதால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

"நம்ம ஊரு," என்றார்.

"இதைப் பாருங்க, இந்தச் செவ்வாய்க்கிழமை. கோடு பாதியாக் குறைஞ்சிருக்கு. காலை ஒம்பதுலேர்ந்து சாயந்திரம் வரைக்கும். அன்னிக்கு இன்னா நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல," என்றாள் ரஃபத். "அன்னிக்குத் தம்பியோட ரூம்ல இருந்தேன், பேரணாம்பட்டுல. கரண்டே இல்ல. வேர்த்துப்போய்க் கிளம்பிட்டேன்."

நித்யஸ்ரீ எழுந்து நின்றாள். "மாசாந்திரப் பராமரிப்பு. பேரணாம்பட்டு துணைமின் நிலையம். பேப்பர்ல போட்டிருந்தான். வளைகுடாக்காரன் அடிச்சா பேரணாம்பட்டுல கரண்டு போனதுக்கு அவன் ஏன் பாதியாக் குறையணும்? வண்டியை எடுங்கண்ணே."

"அதென்ன மேடம் பாதி? போனா முழுசாப் போகணும்ல?"

"அதைப் பார்க்கத்தான் போறோம்."

சாந்தகுமாரின் வண்டி பழைய ஆம்னி. ஒருகாலத்தில் ஆம்புலன்ஸாக ஓடியது. உச்சியிலிருந்த விளக்கைக் கழற்றிவிட்டாலும் அதன் வட்டத் தழும்பு இன்னும் இருந்தது. உமராபாத் தாண்டியதும் ரஃபத் பின் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை செத்துக் கெடக்கும், மத்த நாள் உசுரோட இருக்கும். கரண்டு வேணும், இன்டர்நெட்டும் வேணும். இன்னாவா இருக்கும்?" என்று கேட்டாள் நித்யஸ்ரீ.

"எங்க பழைய சூப்பர்வைசர்," என்றார் சாந்தகுமார். "ஆனா அந்தாளு மத்த நாள்லயும் செத்துத்தான் கெடப்பாரு."

"கேமராவா இருக்குமா மேடம்?" என்றாள் ரஃபத். "எல்லா டேனரியிலயும் கேமரா இருக்கு. அதைப் புடிச்சு இப்படி அடிக்க விடறது வழக்கம்தான்."

"பார்க்கலாம்."

பேரணாம்பட்டின் எல்லையில் ஒரு டேனரி. பெரிய இரும்புக் கதவில் இருந்த சின்னக் கதவைத் தட்டியதும் காவல்காரர் ஷபீ அஹமது எட்டிப் பார்த்தார். வெள்ளைத் தொப்பி, துவைத்த ஜிப்பா. தொழுகைக்குக் கிளம்ப நின்றவர்.

"லீவும்மா. நாளைக்கு வாங்க."

"பாய், நான் ஆம்புலன்ஸ் சாந்தகுமார். ஞாபகம் இருக்கா? மூணு வருஷம் முன்னாடி உங்க ஊருக் குழியிலேர்ந்து ரெண்டு பேரை நான்தான் ஏத்திக்கிட்டுப் போனேன்."

ஷபீ அஹமது அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு கதவை அகலத் திறந்தார்.

உள்ளே டிரம்கள் ஓடாமல் நின்றன. ஊறிய தோலின் நாற்றம் மட்டும் விடுமுறை இல்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது. நித்யஸ்ரீ முதலில் பார்த்தது கூரை மூலையிலிருந்த கேமராவை. அதன் சின்ன சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

"கேமரா வெள்ளிக்கிழமையும் ஓடுமா பாய்?"

"அது ஓடலைன்னா திருடன் ஓடுவாம்மா. ராத்திரி பகல் எரியும்."

"அப்ப கேமரா இல்ல," என்றாள் நித்யஸ்ரீ. "ஆபீஸ் ரூம்?"

"அங்க மெயின் ஆஃப். வெள்ளிக்கிழமை ஒரு பல்பு எரிஞ்சாக்கூட மொதலாளி சத்தம் போடுவாரு."

"செவ்வாய்க்கிழமை கரண்டு போச்சே, அன்னிக்கு இன்னா பண்ணீங்க?"

"எங்களுக்கு ஜெனரேட்டர் இருக்கு. பக்கத்துக் கம்பெனியில கெடையாது. அவன் சும்மா உக்காந்திருந்தான்."

நித்யஸ்ரீ திரும்பி சாந்தகுமாரைப் பார்த்தாள். "பாதிக் கணக்கு கெடச்சுதா?"

அலுவலக அறைக்கு வெளியே, சுவரில் நெஞ்சு உயரத்தில் ஒரு கருப்புப் பெட்டி. நடுவில் விரல் வைக்கும் கண்ணாடி. வேலைக்கு வந்தேன், போனேன் என்று ஆட்கள் தினமும் விரல் பதிக்கும் பஞ்சிங் மெஷின். திரை இருண்டு கிடந்தது. பின்புறத்திலிருந்து ஒரு நீல வயர் சுவர் வழியாக அறைக்குள் போனது.

"இந்த மெஷின் ஒழுங்கா வேலை செய்யுதா பாய்?"

"கேக்காதீங்க, பெரிய பேஜாரு. முன்னாடியெல்லாம் வெரல வெச்சா டக்குனு வாங்கிக்கும். இப்ப ரெண்டு வாரமா வெச்சுக்கிட்டு நிக்கணும். காலைல கேட் வரைக்கும் வரிசை. எல்லாக் கம்பெனியிலயும் இதே கதைன்னு பேசிக்கறாங்க."

"வெரல வாங்க அதுக்கு நேரமில்ல பாய்," என்றாள் நித்யஸ்ரீ மெதுவாக. "டோல்கேட்டுல போய் நிக்கற வேலை ஜாஸ்தி."

சாந்தகுமாருக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. அந்தத் திங்கட்கிழமை காலை இளம்பரிதியும் இப்படி ஒரு மெஷினில்தான் விரலை வைத்திருப்பான். வரிசையில் நின்று, எரிச்சலோடு, இரண்டு மூன்று தடவை அழுத்தியிருப்பான். அவன் உயிரைக் காக்கும் பக்கத்தின் கழுத்தை அது அந்நேரம் நெரித்துக்கொண்டிருந்தது.

வழக்கமாக ஒரு ஜோக் வரவேண்டிய இடம். வரவில்லை.

"எல்லா மெஷினும் ஒரே மாதிரி கெட்டுப்போனா, எல்லாத்தையும் ஒரே ஆள் தொட்டிருக்கணும்," என்றாள் நித்யஸ்ரீ. "பாய், இதை ரிப்பேர் பார்க்கறது யாரு?"

"சின்னப் பையன்மா. நல்ல பையன். பேரு வாயில வரல. நம்பர் மெஷின் அடியில ஒட்டியிருக்கும் பாருங்க."

சாந்தகுமார் குனிந்து, ஒட்டியிருந்த நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். ரஃபத் வண்டியிலேயே இருந்தாள். குழிகளில் மாட்டிய மீட்டர்களைப் பார்த்தால் அழுகை வருகிறது என்று உள்ளே வரவில்லை.

வண்டிக்குத் திரும்பியதும் நித்யஸ்ரீ நடந்ததைச் சொன்னாள். கேட்கக் கேட்க ரஃபத்தின் முகத்தில் இரண்டு வாரத்தில் முதன்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது.

"பஞ்சிங் மெஷினா! அவ்ளோதானா மேடம்? அப்ப இன்னிக்கே நிறுத்திடலாம். ஆளைப் புடிச்சா போதும். நம்பர் சொல்லுங்கண்ணா, நானே பேசறேன்."

சாந்தகுமார் உள்ளங்கையைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்தார். ரஃபத் போனில் அழுத்திக்கொண்டே வந்தாள். ஆறாவது எண்ணில் அவள் விரல் தயங்கியது. ஏழாவதைச் சொன்னபோது அவள் அழுத்தவில்லை.

"ஏம்மா? திரும்பச் சொல்லவா?"

ரஃபத் போனை அவர் பக்கம் திருப்பினாள். முழு எண்ணும் போடுவதற்குள் போன் பெயரைக் காட்டிவிட்டது.

தானிஷ்.

"என் தம்பி," என்றாள். "அவனுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் குடுத்ததே நான்தான்."

பள்ளிவாசலில் பாங்கு சொல்வது கேட்டது. ஷபீ அஹமது அவர்களைக் கடந்து வேகமாக நடந்து போனார்.

"தம்பிக்குப் பஞ்சிங் மெஷின் வேலைன்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள் நித்யஸ்ரீ.

"கம்ப்யூட்டர் சர்வீஸ்னு தெரியும். கேமரா மாட்டறான், பிரிண்டர் பார்க்கறான்னு தெரியும். அந்தத் திங்கட்கிழமை என்னோட மீனாம்பாள் வீட்டுக்கு வந்தான் மேடம். வாசல்ல என் பக்கத்துல நின்னான்."

பேரணாம்பட்டுக் கடைத்தெருவில் தானிஷின் மாடி அறை. தொழுகை முடிந்து ஆட்கள் தெருவில் நிறைந்திருந்தார்கள். தானிஷ் தொழப் போயிருக்கவில்லை. மேசை முழுக்கப் பிரித்துப் போட்ட பஞ்சிங் மெஷின்கள். நடுவில் அவன், இரண்டு நாள் தாடியோடு, திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கதவில் அக்காவைப் பார்த்ததும் எழுந்தான். அவளுக்குப் பின்னால் நின்ற இருவரைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

"ஏண்டா?" என்றாள் ரஃபத்.

மறுப்பான் என்று சாந்தகுமார் எதிர்பார்த்தார். ஓடினால் பிடிக்க வசதியாகப் படிக்கட்டை அடைத்துக்கொண்டு நின்றிருந்தார். தானிஷ் மறுக்கவில்லை. அக்காவைப் பார்த்துத்தான் பேசினான்.

"மேனேஜருங்க எல்லாரும் ஒரே பேச்சு, ஆபா. 'உங்க அக்கா பக்கத்தை மூடணும், இல்லைன்னா உன்னை எந்தக் கம்பெனியும் உள்ள விடாது'ன்னாங்க. உன்கிட்ட சொன்னா நீ கேப்பியா? நாலு நாள் திறக்கலைன்னா நீயே சலிச்சு விட்டுடுவேன்னு நெனச்சேன். யாருக்கும் ஒண்ணும் ஆகாது, ஒரு வெப்சைட்தானேன்னு நெனச்சேன். ஒரு ஆளு அதைப் பார்த்துக்கிட்டுக் குழி ஓரத்துல உக்காந்திருப்பான்னு எனக்குத் தோணல. சத்தியமா தோணல."

"செத்தான்ல? அதுக்கப்புறம்?" சாந்தகுமாரின் குரல் உயர்ந்தது. "அப்பவாவது நிறுத்தினியா? இன்னும் ஓடுதேடா!"

"முடியல!" தானிஷ் கத்தினான். "திங்கட்கிழமை மதியத்துலேர்ந்து நிறுத்தப் பார்க்கறேன். நிறுத்துன்னு நான் சொல்றது அதுங்களுக்குப் போய்ச் சேரல. சின்ன மெஷினு. அடிக்கற வேலையிலயே மூச்சு முட்டி நிக்குது, என் பேச்சை வாங்க எடமில்ல. கரண்டு வந்ததும் அடிக்க ஆரம்பிச்சுடும், அப்படி எழுதி வெச்சுத் தொலைச்சேன். இன்னிக்கு லீவு, எல்லாம் ஆஃப். நாளைக்குக் காலைல மெயினைப் போட்டதும் மறுபடி எழுந்துக்கும்."

சாந்தகுமார் நித்யஸ்ரீயைப் பார்த்தார். குற்றவாளி கிடைத்தால் கேஸ் முடியும் என்பதுதான் இத்தனை நாள் அவர் கண்ட கணக்கு. குற்றவாளி எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறான். நாளைக் காலை பரத் இறங்குவது மட்டும் நிற்கவில்லை.

"நீல வயரைப் புடுங்கினா?" என்று கேட்டாள் நித்யஸ்ரீ.

"உடனே நின்னுடும். ஆனா ஒருத்தனும் புடுங்க மாட்டான். சர்வீஸ் இருக்கு, ரெண்டு நாள் வயரை எடுங்கன்னு எல்லா மேனேஜருக்கும் கெஞ்சிப் பார்த்தேன். வயர் இல்லைன்னா எத்தனை ஆள் வந்திருக்கான்னு மொதலாளி போன்ல தெரியாதாம். நான் போய்ப் புடுங்கினாலும் மறுபடி சொருகிடறாங்க."

"ஏன் எடுக்கணும்னு சொன்னியா?"

தானிஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

"அதைச் சொன்னா எடுப்பாங்க," என்றாள் நித்யஸ்ரீ. "அவங்க சுவத்துல மாட்டியிருக்கற மெஷின் ஒரு ஆளைக் கொன்னிருக்குன்னு தெரிஞ்சா, கொலைக் கேஸுல தன் கம்பெனி பேரு வரும்னு தெரிஞ்சா, ஓடிப்போய் எடுப்பாங்க. அதை நான் சொன்னா நம்ப மாட்டாங்க. போலீஸ் சொல்ல மாசக் கணக்கா ஆகும். மெஷின்காரன் சொன்னா நம்புவாங்க."

"நான் சொன்னா..."

"ஆமா. நீ உள்ள போவே."

"ஆபா," என்றான் தானிஷ்.

ரஃபத் அவன் அருகில் போனாள். அடிக்கப் போகிறாள் என்று சாந்தகுமார் நினைத்தார். அவள் மேசைமேல் கிடந்த அவன் போனை எடுத்தாள். அவன் கட்டைவிரலைப் பிடித்து வைத்து அதைத் திறந்தாள். மேனேஜர்கள் எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவைத் தேடி எடுத்தாள். ஒலிப்பதிவு பட்டனை அழுத்தி, அவன் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"பேசு."

"ஆபா, அம்மாவுக்கு..."

"பேசுடா."

தானிஷ் பேசினான். "அஸ்ஸலாமு அலைக்கும். மெஷின் சர்வீஸ் தானிஷ் பேசறேன். உங்க பஞ்சிங் மெஷின்ல நான் ஒரு புரோகிராம் போட்டிருக்கேன். குழிக்காற்று பக்கத்தை முடக்கினது அதுதான். அதனாலதான் இளம்பரிதி செத்தாரு. நான்தான் பண்ணேன். நாளைக்குக் கரண்டு போடறதுக்கு முன்னாடி பின்னாடி இருக்கற நீல வயரைப் புடுங்கிடுங்க. புடுங்கலைன்னா நாளைக்குச் சாவறவன் உங்க கணக்கு. நான் இப்ப ஸ்டேஷனுக்குப் போறேன்."

ரஃபத் விரலை எடுத்தாள். செய்தி போய்விட்டது.

அவனைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனது சாந்தகுமார்தான். ஆம்னியின் பின்பக்கம், ஸ்ட்ரெச்சர் கிடந்த இடத்தில் அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வழி முழுக்க அவன் போன் ஓயாமல் அடித்தது. சாந்தகுமார் அதை வாங்கி அணைத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எத்தனையோ பேரை அந்த வண்டியில் ஏற்றியிருக்கிறார். திரும்பிப் பார்க்கப் பிடிக்காமல் ஓட்டியது இது முதல் தடவை.

சனிக்கிழமை காலை, பேரணாம்பட்டுப் பெரிய குழி. மூடியை நெம்பித் திறந்திருந்தார்கள். அழுகின முட்டை நாற்றம் கிளம்பியது. அந்த நாற்றம் இருக்கும்வரை பரவாயில்லை, சட்டென்று நின்றுபோனால்தான் ஓட வேண்டும் என்பது சாந்தகுமாருக்குத் தெரியும். மூக்கைச் சாகடித்துவிட்டுத்தான் அது ஆளைச் சாகடிக்கும்.

பரத் இடுப்பில் கயிறு கட்டியிருந்தான். மெலிந்த ஆள். சற்றுத் தள்ளி மீனாம்பாள் நின்றாள். அவளை யாரும் வரச்சொல்லவில்லை.

தெருவெங்கும் டேனரிச் சங்குகள் ஊதின. வாசல்களில் வரிசைகள் நகர்ந்தன. மெயின் சுவிட்சுகளைப் போடும் நேரம்.

ரஃபத் போனில் பக்கத்தைத் தொட்டாள். வட்டம் சுற்றியது.

"பாத்தியா, வரல," என்றான் மேஸ்திரி. "வெயில் ஏறுது. எறங்குடா பரத்."

"ஒரு நிமிஷம் மேஸ்திரி," என்றார் சாந்தகுமார்.

"ஒனக்கின்னாயா? டிரம்மு நிக்குது, நீ வந்து ஓட்டுவியா?"

வட்டம் சுற்றியது. யாரோ ஒருவன், ஏதோ ஒரு கம்பெனியில் வயரைப் பிடுங்கவில்லை போலும். பரத் விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே தொங்கவிட்டான். நித்யஸ்ரீ அவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள்.

வட்டம் நின்றது. திரை திறந்தது.

சிவப்பு.

ரஃபத் போனை உயர்த்திப் பிடித்தாள். பரத் பார்த்தான். அவனுக்குப் பின்னால் நின்ற நான்கு பேரும் தங்கள் போனை எடுத்துப் பார்த்தார்கள். பரத் காலை மேலே இழுத்துக்கொண்டு எழுந்தான். கயிற்றை அவிழ்த்துத் தரையில் போட்டான்.

மேஸ்திரி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். ஒருவரும் அசையவில்லை. கெட்ட வார்த்தை ஒன்றைத் துப்பிவிட்டு, யாருக்கோ போன் போட்டான். அரைமணி நேரத்தில் கழிவு உறிஞ்சும் லாரி வந்து நின்றது. டிரைவர் பெரிய குழாயைக் குழிக்குள் இறக்கினார். ஒரு போன். அவ்வளவுதான் அந்த வேலை.

லாரி இரையும் சத்தத்துக்கு நடுவே மீனாம்பாள் நடந்து ரஃபத்திடம் வந்தாள். போனை வாங்கி அந்தச் சிவப்பை வெகுநேரம் பார்த்தாள். பீடி இலை நறுக்கித் தழும்பேறிய விரலால் திரையை ஒருமுறை தடவினாள்.

"அன்னிக்கும் இப்படித்தான் காட்டியிருக்குமா?"

பொய் சொல்லிவிடு என்று சாந்தகுமார் மனதுக்குள் கெஞ்சினார். ஒரே ஒரு பொய், தாயே.

"ஆமாக்கா," என்றாள் ரஃபத். "மீட்டர் அன்னிக்கும் சிவப்புன்னுதான் அனுப்பிக்கிட்டு இருந்துச்சு. வழி அடைச்சுக் கெடந்ததால எனக்கே அப்புறம்தான் வந்து சேர்ந்துச்சு. அவர் இறங்கின அப்புறமும் அனுப்பிக்கிட்டே இருந்துச்சு."

மீனாம்பாள் தலையாட்டினாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, குழியைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.